ராகு காலத்தில் எழுதாத மெஷின்

திங்கட்கிழமை காலை ஏழரை மணி ஆனால் போதும், அன்புக்கரசி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒன்பது மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். குடித்தால் அப்புறம் எழுந்து போக வேண்டி வருமே. செவ்வாய்க்கிழமை இந்தக் கூத்து சாயங்காலம், புதன்கிழமை நடுமத்தியானம், வெள்ளிக்கிழமையோ வேலை சூடு பிடிக்கிற நேரம். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் ராகு காலம் என்பது காலண்டரில் பொடி எழுத்தில் ஒரு வரி. கொஞ்சம் பொறுத்து வீட்டை விட்டுக் கிளம்பினால் தீர்ந்தது. இவளுக்கு மட்டும் அது தினப்படி சிறைவாசம். அதுவும் தானே கட்டிய சிறை. அதுதான் பெரிய கொடுமை.

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடித்த கையோடு, தொண்ணூற்று ஆறில், அங்கே கம்ப்யூட்டர் பார்க்க வந்து சேர்ந்தாள். வெளியே கம்பெனிகளுக்கு மனுப் போட வேண்டும் என்று ஆசை இருந்தது. ஆனால் முதலாளி பொங்கியண்ணன், "நம்ம புள்ள நம்ம மில்லுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன பிறகு அந்தப் பேச்சு முடிந்துபோனது. சர்ட்டிபிகேட்டுகளின் ஒரிஜினல்களையும் வாங்கி, "என்ற பீரோவுல பத்திரமா இருக்கட்டும் கண்ணு" என்று வைத்துக்கொண்டார்.

பொங்கியண்ணன் நல்ல மனிதர். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் அன்புக்கரசி எப்போதோ தப்பித்திருப்பாள். அவளுடைய அப்பா வேலுமணிக்கு அதே மில்லில் பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினில் வேலை. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அந்த மெஷின் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு இழுத்துக்கொண்டது. கை போனவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? முதலாளி கொடுத்தார். கேட்டில் நிற்க வைத்தார், மில் லைன் வீட்டில் ஒன்றைக் கொடுத்தார், அன்புக்கரசியைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தார். அந்த வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் முதலாளியின் போட்டோவும் தொங்கியது. கையைப் பறித்துக்கொண்டதும் அவருடைய மெஷின்தானே என்று அங்கே யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ராகு காலத்தில் பேனாவைத் தொடக் கூடாது. எழுதியதை அடிக்கக் கூடாது. ஒரு தடவை குமாஸ்தா யாரோ லாரி நம்பரைத் தப்பாக எழுதி, அதன் மேல் கோடு போட்டுத் திருத்தியதற்கு, அந்த ஆளை வெளியே நிற்க வைத்துவிட்டார். தப்பாக எழுதினால் கீழே சரியாக எழுது, மேலே இருப்பதைத் தொடாதே என்பது அவர் கட்சி. அவருடைய அப்பா காலத்திலிருந்து வரும் பழக்கம். இதனால்தான் மில் வளர்ந்தது என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

கம்ப்யூட்டர் வந்ததும் முதல் பிடிவாதம் ஆட்டம் கண்டது. பகல் முழுக்க யாராவது தட்டிக்கொண்டே இருந்தார்கள். போதாத குறைக்கு, பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குப் போன ஒரு லோடு நூல் அப்படியே திரும்பி வந்தது. ஜோசியர், "பில்லு எப்பப் போட்டீங்க?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. அவ்வளவுதான். பொங்கியண்ணன் நேராகக் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்துவிட்டார்.

"ஏன் கண்ணு, அந்த நேரம் மட்டும் தட்டாம இருக்க முடியாதா?"

"லாரி நின்னு போயிருங்க. பில்லு இல்லாம டிரைவர் எடுக்க மாட்டானுங்க."

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வந்த புதிது. படித்ததைச் சொல்லிக் காட்டும் ஆசை. "ஆனா ஒண்ணுங்க. தட்டுன உடனே அது எழுதறதில்லீங்க. மொதல்ல மெஷினோட ஞாபகத்துல நிக்கும். அப்பறம்தான் டிஸ்க்குல எழுதும்" என்றாள்.

பொங்கியண்ணன் முகம் மலர்ந்தது. "அப்ப தட்டறது வேற, எழுதறது வேற?"

"ஆமாங்க."

"எழுதறதை மட்டும் நிறுத்தி வெக்க முடியுமா கண்ணு? தட்டறவிய தட்டட்டும்."

புத்தியுள்ள எவரும் முடியாது என்று சொல்லியிருப்பார்கள். அன்புக்கரசி, "முடியும்ங்க" என்றாள்.

முடியத்தான் செய்தது. சர்வரில் இருந்தது விண்டோஸ் என்.டி. எந்த மென்பொருள் எதை எழுதச் சொன்னாலும் அந்த வேண்டுகோள் ஒரு பொட்டலமாகக் கட்டப்பட்டு, இயங்குதளத்தின் அடிமடியில், கர்னல் என்கிற இடத்தின் வழியாக இறங்கித்தான் டிஸ்க்கைச் சேர வேண்டும். அந்த வழியில் நடுவே டிரைவர் என்கிற நம்முடைய குட்டி மென்பொருள் ஒன்றைச் சொருகிவிடலாம். மில் கேட்டில் அவள் அப்பா நிற்கிற மாதிரிதான். உள்ளே போகிறது, வெளியே வருகிறது எல்லாம் அவரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். பெங்களூரில் இருந்த சிநேகிதி ஒருத்தியிடம் டிரைவர் எழுதும் சி.டி.யை வாங்கி, நீலத் திரையில் மெஷின் செத்துச் செத்துப் பிழைக்க, மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினாள். 'ராகு' என்றே பெயர் வைத்தாள்.

ராகு செய்த வேலை இதுதான். கணக்குகள் இருக்கும் டி டிரைவுக்குப் போகிற ஒவ்வொரு வேண்டுகோளையும் மறிக்கும். படிக்கிற வேண்டுகோள் என்றால் வழிவிடும். எழுதுகிற வேண்டுகோள் என்றால் மணியைப் பார்க்கும். ராகு காலமாக இருந்தால், எழுத வேண்டியதைத் தன் மடியில் கட்டிக்கொண்டு, மேலே இருக்கும் மென்பொருளிடம் "எழுதியாச்சு" என்று கூசாமல் பொய் சொல்லும். யாராவது அதையே திரும்பப் படிக்கக் கேட்டால் மடியிலிருந்து எடுத்துக் காட்டும். அதனால் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ராகு காலம் கழிந்ததும் வரிசை மாறாமல் அவிழ்த்து, டிஸ்க்கில் கொட்டும்.

பொங்கியண்ணன் மில் வாசலில் பூசணிக்காய் உடைத்தார். "பில்லு மட்டும் பிரிண்டர்ல வருதுங்களே, அது எழுத்தில்லீங்களா?" என்று டைம் ஆபீஸில் வருகைக் கணக்குப் பார்க்கும் ரசாக் கேட்டதற்கு, "அது அச்சு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் அன்புக்கரசிக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மடியில் இருப்பது வெறும் ஞாபகம். கரண்ட் போனால், யூ.பி.எஸ்.ஸும் கைவிட்டால், மெஷின் தடுக்கி விழுந்தால், எழுதியாச்சு என்று சொன்னது அத்தனையும் காற்றோடு போய்விடும். அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். மில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ராகுவுக்கும் கிடையாது. சிநேகிதி கல்யாணத்துக்குப் போகவில்லை. காய்ச்சலில் படுத்த நாளில்கூட அப்பா சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ரசாக், "ஆனமலை அம்மன் கோயிலுக்குப் போயி மொளகா அரைச்சுப் பூசிட்டு வா அம்மிணி, ராகு தானா உட்டுட்டு ஓடிரும்" என்று கிண்டல் செய்வார். சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"கரண்ட் போனா நிறுத்தி வெச்சது பூராப் போயிரும்ங்க. ராகுவை எடுத்துப்போடலாமுங்களா?" என்று முதலாளியிடம் இரண்டொரு முறை கேட்டும் பார்த்தாள். "நீ இருக்கறயில்ல கண்ணு" என்றார் அவர். அதில் அத்தனை பிரியம் இருந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது?

இப்படியிருக்கையில் பெங்களூர் சிநேகிதி மூலமாக ஒரு வேலைக்கு அழைப்பு வந்தது. டிஸ்க்குக்குப் போவதை மறித்து அதற்கு நகல் எடுத்து வைக்கும் மென்பொருள் செய்கிற கம்பெனி. "நீங்க எழுதின டிரைவர் என்ன பண்ணும்?" என்று போனில் நடந்த இன்டர்வியூவில் கேட்டார்கள். "எழுதறதைத் தள்ளிப்போடும்" என்றாள். "எதுக்கு?" என்று கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. சொல்லாமலேயே வேலை கிடைத்தது. அடுத்த மாதம் முதல் தேதிக்குள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டும், மில்லிலிருந்து விடுவித்ததாகக் கடிதமும் கொண்டுவந்து சேர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அந்த 'அவ்வளவுதான்' இரும்பு பீரோவுக்குள் இருந்தது. போய்க் கேட்டாள். பொங்கியண்ணன் கோபப்படவே இல்லை. "போலாம் கண்ணு. தாராளமாப் போலாம். மெஷினுக்கு ஒரு வழி பண்ணிப்போட்டுப் போ" என்றார். வேறு ஆள் பார்க்கச் சொன்னாள். வந்த பையன்கள் ராகு என்ன செய்கிறது என்று கேட்டதும் சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். அப்பாவிடம் அழுதாள். "அவரு மனசு நோகப் போவக் கூடாது கண்ணு" என்றார் வேலுமணி. முதல் தேதி நெருங்கிக்கொண்டே இருந்தது. போக வேண்டும், எப்படியாவது போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவள் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

அன்றைக்கும் திங்கட்கிழமை. திங்கட்கிழமை ராகு காலமும் காலை ஷிப்ட் ஆரம்பமும் ஒன்றாக வந்து தொலைக்கும். ஷிப்டுக்கு வந்தவர்கள் டோக்கனைக் கொடுக்க, ரசாக் பெயர் பெயராகத் தட்டி முடித்திருந்தார். ஒரு ஷிப்டின் வருகை முழுவதும் ராகுவின் மடியில் இருந்தது. அன்புக்கரசி வழக்கம்போல நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. அப்புறம் மெஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. நூல் மில்லில் சத்தம் அடங்கினால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ரசாக் எழுந்து ஓடினார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டிராயிங் மெஷின்ல ராமாமணி. பஞ்சு எடுக்கப் போயி ரோலர்ல கையைக் குடுத்துட்டா. நாலு வெரலும் போச்சு அம்மிணி." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விதிப்படி, விபத்து விவரத்தையும் தட்டினார். பெயர், செக்‌ஷன், கை. திரை "பதிவு செய்யப்பட்டது" என்றது. வழக்கமான பொய்.

ராமாமணியை அன்புக்கரசிக்குத் தெரியும். லைன் வீட்டுக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது வாய் ஓயாமல் பேசுவாள். போன தையில்தான் கல்யாணம் ஆனது.

முதலாளியின் கார் கேட்டைத் தாண்டிப் போனது. ராமாமணியை அதில்தான் ஏற்றி, ஈரோட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் வேட்டியிலும் ரத்தம் பட்டிருந்தது. அவரே தூக்கிவிட்டிருக்கிறார். சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்தார். கையில் பழுப்பு நிறக் கவர் ஒன்று. அதை அன்புக்கரசியின் மேஜையில் வைத்தார்.

"உன்ற சர்ட்டிபிகேட்டு எல்லாம் இருக்குது கண்ணு. பாத்துக்க."

அன்புக்கரசி கவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"விடுவிக்கற லெட்டரையும் அடிச்சு வெச்சுக்க. ஒம்போது மணிக்கு மேல கையெழுத்துப் போட்டுத் தாரேன்." ராகு காலத்தில் அவர் பேனாவைத் தொட மாட்டாரே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "காலைல தட்டுனது இன்னும் எழுதலையில்ல?"

"இல்லீங்க. மடியில, அதாவது ஞாபகத்துலதான் இருக்குதுங்க."

"கரண்ட் போனா அது பூராப் போயிரும்னு அன்னைக்குச் சொன்னயே கண்ணு."

அவர் என்ன கேட்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது தடவையாக அவள் சொன்னதையே அவர் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அந்தப் புள்ளையைத் தற்காலிகமாத்தான் வெச்சிருந்தோம். இ.எஸ்.ஐ. இன்சூரன்சுல பேரு சேக்கல. மெஷின்ல நிக்க வெச்சிருக்கக் கூடாது, சூப்பர்வைசர் நிக்க வெச்சுட்டான். வார மாசம் ஜெர்மனிக்காரன் பாக்க வாரான். விபத்துன்னு ஒரு எழுத்து இருந்தா ஆர்டர் போச்சு, எல்லாத்தோட பொழப்பும் போச்சு. நீ அந்தக் கரண்ட் சுவிட்சை அமுத்திப்போடு. ஒம்போது மணிக்கு மேல ரசாக்கு மறுபடியும் தட்டட்டும், அந்தப் புள்ள பேரு இல்லாம."

"அது இன்னைக்கு வேலைக்கு வந்துதுங்களே."

"வந்துது. யாரு இல்லீங்கறா? ஆசுபத்திரிச் செலவு பூரா நான் பாக்கறேன். கடேசி வரைக்கும் வெச்சுக் கஞ்சி ஊத்தறேன். நான் பொய் எழுதச் சொல்லல கண்ணு. எழுதுனதை அடிக்கவும் சொல்லல, நான் ஒருநாளும் அடிச்சதில்ல. எழுதாததை எழுத வேண்டாங்கறேன். அதுல என்ன பாவம்?"

ரசாக் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் லைன் வீடு, அவருக்கும் குழந்தைகள்.

அன்புக்கரசி கவரைப் பார்த்தாள். நான்கு வருடப் படிப்பு அதற்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழுந்து போனால், இனி ஜென்மத்துக்கும் திங்கட்கிழமை காலையில் தண்ணீர் குடிக்கப் பயப்பட வேண்டாம். பெங்களூரில் ஒரு அறை, ஒரு பஸ், யாருக்கும் எதற்கும் நன்றி சொல்ல வேண்டாத ஒரு வாழ்க்கை. ஒரு சுவிட்ச்தான். மேஜைக்கு அடியில் குனிந்து யூ.பி.எஸ். மேல் கை வைத்தாள். சூடாக இருந்தது. விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது, அமுக்க மட்டும் வரவில்லை. எடுக்கவும் வரவில்லை. அப்படியே குனிந்த வாக்கில் இருந்தாள்.

பொங்கியண்ணன் அதட்டவில்லை. அவர் அதட்டுகிற ஆளும் அல்ல. "ரசாக்கு, கேட்டுல இருந்து வேலுவை வரச் சொல்லு" என்றார்.

வேலுமணி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, சுவரோரமாக நின்றார். மகள் குனிந்திருப்பதையும் மேஜை மேல் கவர் இருப்பதையும் பார்த்தார்.

"புள்ள பயப்படுது வேலு. நீ சொல்லு" என்றார் முதலாளி.

"ஏனுங்கப்பா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள் அன்புக்கரசி நிமிர்ந்து. "ராமாமணி வேலைக்கே வரலைன்னு பண்ணச் சொல்றாருங்க."

வேலுமணி முதலாளியை ஒரு தரம் பார்த்தார். பிறகு, மகளுக்குச் சமாதானம் சொல்லுகிற குரலில், மெதுவாகச் சொன்னார்.

"பண்ணு கண்ணு. ஒண்ணும் ஆவாது. எனக்கும் அப்புடித்தான் பண்ணுனாங்க."

"என்னதுங்க?"

"கை போன அன்னைக்கு நான் வேலைக்கு வந்ததா எழுதலை. மத்தியானம் ராகு காலம், பொழுது சாய எழுதலாம்னு குமாஸ்தா வெச்சிருந்தாரு. ஐயா ஆசுபத்திரிக்கு வந்து, எழுத வேண்டாம் வேலு, எழுதுனா கேசு கீசுன்னு அலையோணும், உன்ற புள்ளையை நான் படிக்க வெக்கறேன்னாரு. நானும் செரீன்னேன். சொன்ன சொல்லுப்படி வெச்சாரில்ல? இன்னைக்கு நீ கம்ப்யூட்டரு முன்னால ஒக்காந்திருக்கறது அதுலதான் கண்ணு."

பொங்கியண்ணன் தலையை ஆட்டினார். தான் செய்த நல்ல காரியம் ஒன்றை வேறொருவர் வாயால் கேட்கிற திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"எழுதியிருந்தா?" என்று கேட்டாள் அன்புக்கரசி. யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ரசாக்தான், தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "எழுதியிருந்தா இ.எஸ்.ஐ.ல இருந்து மாசாமாசம் வந்திருக்கும் அம்மிணி. உசுரு இருக்கற வரைக்கும். ஊட்டுலயே ஒக்காந்துட்டு வாங்கலாம்."

வெயிலிலும் மழையிலும் கேட்டில் நின்று, லாரிக்காரன்களுக்கெல்லாம் சல்யூட் அடித்து, ஒற்றைக் கையால் அந்த இரும்புக் கதவைத் தள்ளித் தள்ளி, அந்தத் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது. இத்தனை வருடமும் அதற்காக வீட்டோடு சேர்ந்து நன்றி சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எரிந்தது. ராமாமணிக்கும் ஒரு மகள் பிறப்பாள். அவளையும் முதலாளி சொன்ன சொல் மாறாமல் படிக்க வைப்பார். அவளும் வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மேஜைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். கீபோர்டை இழுத்தாள். பரிசோதனைக்காக, என்றைக்கோ, ராகுவை நேரத்துக்கு முன்பே அவிழ்த்துவிட ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தாள். அதைத் தட்டினாள்.

சர்வர் பெட்டிக்குள் டிஸ்க் கடகடவென்று இரைந்தது. சிவப்பு விளக்கு விடாமல் மினுங்கியது. அவ்வளவு நேரம் மடியில் கட்டி வைத்திருந்தது எல்லாம், வந்த வரிசைப்படி, இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன கண்ணு சத்தம்?" என்றார் பொங்கியண்ணன்.

"எழுதுதுங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்கு இன்னும் கால் மணிக்கு மேல் இருந்தது. "நிறுத்து" என்றார். முதல் தடவையாக அந்தக் குரலில் 'கண்ணு' இல்லை.

"முடிஞ்சுதுங்க."

விளக்கு அணைந்தது. அவள் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ராமாமணியின் பெயரும், அதற்குக் கீழே விபத்து விவரமும் இருந்தன. பொங்கியண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ரசாக்கிடம் அழி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழிந்துவிடும். அவர் வாய் ஒரு தரம் திறந்தது. மூடிக்கொண்டது. அப்பா காலத்துப் பழக்கம் அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

"நான் எழுதுனதை அடிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே பண்ணுன?"

"ஆமாங்க."

"ராகு காலத்துல எழுதியிருக்கற. இதுக்கு மேல என்ன வந்தாலும் உன்ற தலையிலதான்."

"ஆகட்டுங்க."

அவர் எழுந்தார். மேஜை மேலிருந்த கவரை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கோபமாகப் பிடுங்கவில்லை, மறந்து வைத்த குடையை எடுப்பதுபோல எடுத்தார். "இது பத்திரமா இருக்கட்டும். மெஷினைப் பாத்துக்க ஆளு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்புக்கரசி அந்தக் கவர் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி இருந்தாள். முதல் தேதியும் அதோடு போயிற்று. அப்பா இப்போது திட்டப் போகிறார், உண்ட வீட்டுக்கு இரண்டகம் பண்ணிவிட்டாயே என்று தலையில் அடித்துக்கொள்ளப் போகிறார் என்று காத்திருந்தாள். முதலாளி வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்றும் யோசித்தாள்.

வேலுமணி திட்டவில்லை. சுவரோரமிருந்து நகர்ந்து வந்து, திரைக்கு முன்னால் குனிந்தார். அவருக்கு அவ்வளவாகப் படிக்க வராது. ராமாமணியின் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதைய அவரு இனி அடிக்க மாட்டாரா கண்ணு?"

"மாட்டாருங்கப்பா."

"அந்தப் புள்ளைக்கு மாசாமாசம் வருமா?"

"இதை வெச்சுக் கேட்டா வரும்ங்கப்பா. நானும் ரசாக்கண்ணனும் சாட்சி சொல்லுவோம்."

ரசாக் தலை நிமிர்ந்து பார்த்தார். மறுக்கவில்லை.

வேலுமணி இன்னும் கொஞ்சம் குனிந்தார். மொட்டையாகிப்போன வலது கையை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத ஒரு மனிதர் கேட்கிற மாதிரி, கேட்டார்.

"அப்படின்னா என்றதையும் எழுதிப்போடேன் கண்ணு. ஆடி மாசம், வியாழக்கெழமை. மத்தியானம் ஷிப்டு. நான் வந்தேன்."

அன்புக்கரசி கீபோர்டின் மேல் கையை வைத்தாள். கர்னல் வரைக்கும் இறங்கி எதையும் மறிக்கத் தெரிந்த கை அது. யாரோ ஒருவர் எப்போதோ தட்டியிருந்தால் எழுதலாம். யாரும் தட்டவே இல்லை.

"முடியாதுங்கப்பா" என்றாள். "இன்னைக்கு வந்தவியளைத்தான் எழுத முடியும்ங்க."

"அப்புடியா" என்றார் வேலுமணி. "செரி, செரி. அளுவாதே."

கேட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. வேலுமணி செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட ஓடினார்.